தாயகம் காணாத படைவீரர்

பிறந்த மண் ஒன்று. போர் புரிந்ததோ வேறொரு நாட்டிற்கு. 1936இல் ஸ்பெயின் குடியரசைக் காக்கப் பல நாட்டுத் தொண்டர்கள் திரண்டனர். அவர்களோடு சேர்த்து எண்ணத்தக்கவர் மலாயாத் தமிழர்.

1943 ஜூலை 4இல் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றபின், இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட மக்கள் பலர். இந்திய மண்ணை மிதித்தறியாதவரும் பலர். சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்படும் அச்சமும் சிலரை உந்தியது உண்மையே. ஆயினும், அங்கே சாதி, சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் ஒரே சமையல். டாக்டர் இலட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் தோட்டப் பெண்களும் துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர். தாயகத்தின் கிணற்றடியில் மறுக்கப்பட்ட சமத்துவம், அயல்நாட்டுப் பாசறையில் கிட்டிற்று.

1944இல் இம்பால் படையெடுப்பு தோற்றது. பசியும் நோயும் பலரை மாய்த்தன. தளபதியரின் பெயர்கள் ஏட்டில் நின்றன. கூலிகளாய்ச் சென்றோர் பலரின் பெயர்கள் நிற்கவில்லை.

ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி இறங்கும் நம் பள்ளத்தாக்கு மக்கள், தோட்டக் கூலியின் துயரை நன்கு அறிவர். இளைஞர்களே! மலாயா சென்று மீண்டோரின் வழிவந்தவர் உங்கள் ஊரில் இருப்பின், அவர்களைக் கேட்டு முன்னோரின் பெயர்களை எழுதி வையுங்கள். கல்வி பெற்ற நாம் எழுதாவிடில், அத்தியாகத்தை வேறு யார் எழுதுவர்?