காந்தாவுக்கு மட்டும் ஏன் சாவு? 'ரத்தக்கண்ணீர்' டூ ஹாலிவுட்... ஆணை மயக்கி முன்னேறும் கதாபாத்திரங்களின் பின்னணி என்ன?

'அடியே காந்தா' என்று எம்.ஆர்.ராதா குரலில் மிமிக்ரி செய்யாத ஊர்த் திருவிழா மேடையே தமிழ்நாட்டில் இல்லை. ஆனா, அந்தக் காந்தா யார்? பணக்கார ஆணை மயக்கி மேலே வரும் பெண் என்ற கதாபாத்திரம் எங்கிருந்து வந்தது? சுருக்கமாகப் பார்ப்போம்.

'ரத்தக்கண்ணீர்' கதை என்ன?

திருவாரூர் தங்கராசு எழுதி, எம்.ஆர்.ராதா மேடை மேடையாக நடித்த நாடகம் இது. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1954-ல் படமானது. வெளிநாடு போய்த் திரும்பிய பணக்காரர் மோகன், மனைவி சந்திராவை விட்டுவிட்டு காந்தா வீடே கதியென்று கிடக்கிறார். சொத்து கரைகிறது, தொழுநோய் வருகிறது. காந்தா அவரை எட்டி உதைத்து வெளியே தள்ளுகிறார். காந்தாவாக நடித்தவர் எம்.என்.ராஜம்.

தேனிக்கு என்ன தொடர்பு?

மோகனின் நல்ல நண்பர் பாலுவாக நடித்தவர் 'லட்சிய நடிகர்' எஸ்.எஸ்.ராஜேந்திரன். 1962 தேர்தலில் தி.மு.க. சார்பில் தேனி தொகுதியில் ஜெயித்தவர். இந்தியாவிலேயே சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் நடிகர் என்று இவரைத்தான் சொல்வார்கள். 1980-ல் ஆண்டிப்பட்டியிலும் அ.தி.மு.க. சார்பில் வென்றார். அப்போது இரண்டுமே மதுரை மாவட்டம். தேனி மாவட்டம் உருவானது 1996-ல்தான்.

காந்தாவுக்கு முன்னாடி யார்?

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' ரம்பா. எம்.கே.தியாகராஜ பாகவதரின் சொத்தைப் பறிக்கும் தாசி வேடத்தில் டி.ஆர்.ராஜகுமாரி நடித்தார். சென்னை பிராட்வே தியேட்டரில் படம் 3 தீபாவளி கண்டது.

இந்த வேடங்கள் சும்மா வரவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அதற்கு முன்பே சட்டமன்றத்தில் போராடியிருந்தார். அந்த வாழ்க்கையை நேரில் பார்த்த மூவலூர் ராமாமிர்தம் 1936-ல் 'தாசிகளின் மோசவலை' நாவலை எழுதினார். சட்டம் வந்தது 1947-ல். நிலம், கல்வி, வேலை எதுவும் கையில் இல்லாத பெண்களுக்கு மைனர்களின் பணம்தான் பிழைப்பு. சினிமா அந்தப் பிழைப்பைக் காட்டியது, காரணத்தை அதிகம் பேசவில்லை.

ஹாலிவுட்டில் எப்படி?

அங்கே 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இப்படிப்பட்ட படங்கள் வரிசை கட்டின. 1932-ல் வந்த 'ரெட் ஹெடட் வுமன்' படத்தில் ஜீன் ஹார்லோ முதலாளியை வளைக்கிறார். கடைசிவரை தண்டனையே கிடையாது!

1933-ல் 'பேபி ஃபேஸ்'. பார்பரா ஸ்டான்விக் நடித்த லில்லி, நியூயார்க் வங்கியில் ஒவ்வொரு அதிகாரியாக மயக்கி மேலே போகிறார். கேமராவும் கட்டடத்தின் மாடி மாடியாக ஏறும். ஆனா, சொந்த அப்பாவே சின்ன வயசில் இருந்து அவளை ஆண்களுக்குக் காசாக்கினார் என்பதையும் படம் முதலிலேயே சொல்லிவிடுகிறது.

நியூயார்க் மாநிலத் தணிக்கை வாரியம் அனுமதி மறுக்க, காட்சிகள் வெட்டப்பட்டன, முடிவும் மாறியது. வெட்டாத பிரதி 2004-ல்தான் கிடைத்தது. 1934 முதல் ஹேஸ் விதிகள் கறாராக அமலாக, தப்பு செய்தவர் திரையில் ஜெயிக்கக் கூடாது என்றானது.

யாருக்கு என்ன தண்டனை?

நம்ம படங்களில் கணக்கு வேறு. ஹரிதாஸ் திருந்தி பக்தர் ஆகிறார். மோகன் சித்ரவதைப்பட்டாலும் மனம் திருந்தி, சந்திராவை பாலுவுக்கே மறுமணம் செய்து வைக்கிறார். 1954-ல் அது புரட்சிகரமான காட்சி. ஆனா காந்தாவுக்கு விமான விபத்தில் சாவு. திருந்த ஒரு காட்சிகூட இல்லை.

நிஜ வாழ்க்கையில்?

ரம்பாவாக மயக்கிய டி.ஆர்.ராஜகுமாரி, சொந்த உழைப்பில் சென்னை தி.நகரில் தியேட்டரே கட்டினார். தம்பி டி.ஆர்.ராமண்ணாவோடு படங்களும் தயாரித்தார். திரையில் ஆண்களின் சொத்தைப் பறித்தவர், நிஜத்தில் சம்பாதித்தது நடிப்பால்தான். அப்படியொரு பெண்ணின் கதையை அன்றைய சினிமா பெரிதாகச் சொன்னதில்லை.

அடுத்த முறை டிவியில் 'ரத்தக்கண்ணீர்' ஓடினால், ராதாவின் வசனத்தோடு காந்தாவின் பக்கத்தையும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.