சிங்காரம் எழுதாத மூன்றாவது நாவல்

பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. பினாங்கில் வட்டிக்கடை நடத்திய பாட்டையாவின் பேரேடுகள் அதற்குள் கிடக்கின்றன. ஆறு வருடமாக அவரை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பாதிப் பொய். அந்த ஃபைலைக் கடைசியாகத் திறந்து பல மாதம் ஆகிறது. ஆபீஸில் புரோகிராம் உடைந்தால் எந்த வரியில் உடைந்தது என்று லாக் சொல்லிவிடும். நாவல் எங்கே உடைந்தது என்று சொல்ல எதுவுமில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தா கேட்டாள். “ஏன்யா, அந்தக் கதை முடிஞ்சிருச்சா?”

“இன்னும் இல்ல அப்பத்தா.”

“ஒங்க பாட்டையா மூணு வருசத்துல கணக்க முடிச்சுட்டுக் கப்பலேறிருவாகளாம்.”

அவள் சொன்ன ‘கணக்கு’ செட்டிநாட்டுக் கடல்வணிகத்தின் கால அளவு. முதலாளி இங்கே இருப்பார். பர்மாவிலோ மலேயாவிலோ சுமத்திராவிலோ மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் கடை நடக்கும். போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருடம் இருந்து, கணக்கு ஒப்படைத்து, ஊர் திரும்புவார்கள். அது ஒரு கணக்கு.

இந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்துத் தமிழில் நாவலாக்கியவர் ப. சிங்காரம். எங்கள் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிக்காரர். 1920-ல் பிறந்து, 1938-ல், பதினெட்டு வயதில், சுமத்திராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். 1942-ல் ஜப்பானியப் படை அங்கே இறங்கியது. டச்சு ஆட்சி சரிந்தது, யுத்தம் முடிந்தது, இந்தோனேசிய விடுதலைப் போர் தொடங்கியது. மனைவியையும் குழந்தையையும் அவர் பறிகொடுத்தது அந்த மண்ணில்தான். பிறகு ஊர் திரும்பி, மதுரை ‘தினத்தந்தி’யில் சேர்ந்து, 1987 வரை அங்கேயே வேலை பார்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்தார்.

பகலெல்லாம் செய்தி, மிச்ச நேரத்தில் நாவல். நம் வேலை நேரப் புலம்பல்களை அந்த அறைக்கு முன்னால் வைக்கக் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’. 1950-ல் எழுதினார். ஐ.என்.ஏ.வுக்குப் போய் வந்த செல்லையா என்ற வட்டிக்கடை இளைஞனுக்கு, முதலாளி தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். கதை எளியது. ஆனாலும் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1959-ல் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு கிடைத்த பிறகுதான் அதற்கு விடிவு வந்தது. ஒன்பது வருடம்.

இரண்டாவது ‘புயலிலே ஒரு தோணி’. 1962 வாக்கில் எழுதி முடித்தார். மெடான் தெருக்கள், மலாக்கா நீரிணையைக் கடக்கும் தொங்கான், நேதாஜியின் படை, மதுரை நினைவுகள் என்று பாண்டியனோடு அலையும் கதை. மலாயும் டச்சும் செட்டிநாட்டுக் கடைப்பேச்சும் ஒரே பக்கத்தில் கலந்து ஓடும். வாராவாரம் முடிச்சுப் போட்டு நிறுத்தும் தொடர்கதைக்குப் பழகியிருந்த காலம் அது. 1972-ல்தான் நூலாக வந்தது. இன்னொரு பத்து வருடம்.

பொதுவாக இந்த இடத்தில் நாம் கைதட்டுவோம். “பாத்தீங்களா, விடாம எழுதினார், ஜெயிச்சார்.” நானும் அப்படித்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வருடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. 1972-க்குப் பிறகு சிங்காரம் இருபத்தைந்து வருடம் உயிரோடு இருந்தார். 1997 டிசம்பரில் இறந்தார். மூன்றாவது நாவல் வரவே இல்லை.

வரிசையை மறுபடி பாருங்கள். 1959-ல் பரிசு. யாரோ சிலர் தன் எழுத்தைப் படித்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மூன்று வருடத்துக்குள், சரியாக ஒரு கணக்கில், தமிழின் மிகப் பெரிய நாவல்களில் ஒன்று முடிந்துவிட்டது. அதன்பின் பத்து வருடம் பதில் இல்லை. அதோடு நாவலும் இல்லை.

இதை வைத்து நான் நினைப்பது இதுதான். விடாமுயற்சி எழுத்தாளனின் தனிச்சொத்து என்று நம்பி, அவனிடமே எல்லாவற்றையும் வசூலிக்கிறோம். எழுதுவதற்கான பொறுமை அவனுடையது, சரி. படிக்க ஆளில்லாமல் காத்திருக்கும் பொறுமையும் அதே முதலிலிருந்துதான் போகிறது. சிங்காரத்திடம் இருந்தது பெரிய முதல். அதுவே தீர்ந்துபோயிற்று. என்னைப் போன்றவனுக்கு அது எத்தனை மாதம் வரும்?

இந்த முறை ஊருக்குப் போனபோது முதல் அத்தியாயத்தை பிரிண்ட் எடுத்துப் போய், வளவில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கையை உயர்த்தினாள்.

“பெட்டியடிப் பையன் மொதலாளி முன்னாடி ஒக்காந்துக்கிட்டா பேசுவான்? நிப்பான்யா.”

அந்த வரியை அடித்தேன். பையன் எழுந்து நின்றான். நின்றபடி அவன் பேசியது வேறாக இருந்தது. அதிலிருந்து நாலு பக்கம் போயிருக்கிறது. தீபாவளிக்கு மறுபடி பள்ளத்தூர் போக வேண்டும். கப்பலில் என்ன சாப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியுமா, கேட்க வேண்டும்.