பேடை தேர்ந்த அழகு

1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர், மலாக்காவிலிருந்து லேடாங் மலைக்குச் சென்றார். அம்மலைக்காட்டில், மலாய்க்காரர் குவாங் என அழைக்கும் பெரும்பறவையின் குரல் இடைவிடாது கேட்டது. பறவையோ கண்ணிற் படவில்லை. இருபதாண்டுக் காலம் அக்காடுகளில் வேட்டையாடிய மலாய் வேடர் ஒருவர், பிடிபட்ட குவாங்கையன்றி உலவும் குவாங்கைத் தாம் கண்டதேயில்லை என்றாராம்.

இத்துணைக் கூச்சமுடைய பறவையின் சேவல், காட்டுத் தரையில் ஓரிடத்தைச் சருகும் குச்சியும் இன்றித் துப்புரவாக்கி ஆடுகளம் அமைக்கின்றது. பேடை வந்து நின்றதும், இரு சிறகுகளையும் பெரிய விசிறி போல் முன்புறமாக விரித்துக் காட்டுகின்றது. அச்சிறகுகளில் வரிசை வரிசையாக அமைந்த வட்டப்புள்ளிகள், குழியிற் கிடக்கும் உருண்டைகள் போல் தோன்றும். தட்டையான இறகில் ஒளியும் நிழலும் தீட்டி உருண்டையெனக் காட்டும் இவ்வோவியத்தைத் தீட்டியவர் யார்? கடவுள் மனிதன் கண்டு மகிழப் படைத்தார் என்பது பாதிரிமாரின் விடை. மனிதன் காணாத காட்டுக்குள் எதற்காகப் படைத்தார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சார்லஸ் டார்வினுக்கும் இது எளிதாய் இருக்கவில்லை. பிழைத்தற்கு உதவும் உறுப்பே நிலைபெறும் என்று 1859-இல் இயற்கைத் தேர்வை விளக்கியவர் அவர். பறப்பதற்கு இடையூறாகும் இறகு எங்ஙனம் நிலைத்தது? மயிலிறகைக் கண்டாலே தமக்கு நோய் வருகிறதென 1860-இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார்! 1871-இல் வெளிவந்த ‘மனிதனின் தோற்றம்’ என்ற நூலில் விடை தந்தார். சேவல்கள் தம்முள் போரிட்டு வெல்வது ஒரு வழி. பேடை தன் விருப்பப்படி தேர்வது மற்றொரு வழி. எண்ணற்ற தலைமுறைகளாகப் பேடைகள் சிறிது அழகு மிகுந்த சேவல்களையே ஏற்றமையால், அவ்வழகு மிகுந்து வளர்ந்தது என்றார். குவாங்கின் புள்ளிகளுக்கு அந்நூலிற் பல பக்கங்களை ஒதுக்கினார். (பெண்ணின் சாயலை மயிலுக்கு ஒப்பிடும் நம் புலவர்கள், தோகை ஆணுக்கே உரியதென்பதை அத்தனை பொருட்படுத்தவில்லை.)

போர் என்ற பாதியை அக்கால அறிஞர் எளிதில் ஒப்பினர். பேடை தேரும் என்ற பாதியே அவர்களை உறுத்தியது. பெண்ணின் விருப்பம் நிலையற்றதாயிற்றே, அதனால் நிலையான நிறம் எங்ஙனம் உண்டாகும் என்றார் மைவார்ட். பறவையைப் பற்றிய வாதமாகத் தொடங்கியது எங்கே போய் நின்றது, பாருங்கள்! டார்வினும் குற்றமற்றவரல்லர், பேடைக்குச் சுவையறிவு தந்த அதே நூலில், ஆடவரின் அறிவே மேம்பட்டதென எழுதினார். அதனை 1875-இல் அமெரிக்கப் பெண்மணி அன்டாய்னெட் பிரௌன் பிளாக்வெல் நூலெழுதி மறுத்தார். வாலஸோ பேடையின் தேர்வையே மறுத்தார். சேவலின் நிறம் அதன் ஊக்கத்தின் மிகுதி. பேடை புள்ளிகளை நுணுகி ஆராயாது என 1889-இல் எழுதினார்.

பல்லாண்டுகள் இக்கருத்து தூங்கிற்று. 1930-இல் ரொனால்ட் பிஷர், பேடையின் விருப்பமும் சேவலின் அழகும் ஒரே மக்களிடம் மரபாகச் சேர்ந்து ஒன்றையொன்று வளர்க்கும் என விளக்கினார். கண்கூடான சான்று 1982-இல் வந்தது. கென்யா நாட்டுப் புல்வெளியில் சுமார் அரை மீட்டர் வாலுடைய கருங்குருவி இனம் ஒன்றுண்டு. மால்ட்டி ஆண்டர்சன் 36 சேவல்களைப் பிடித்துச் சிலவற்றின் வாலை வெட்டிக் குறைத்தார். வெட்டிய துண்டை வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி நீட்டினார். சிலவற்றின் வாலை வெட்டி, அவ்வாறே திரும்ப ஒட்டினார். நீட்டிய வாலுடைய சேவல்களின் எல்லைக்குள் பேடைகள் மிகுதியாகக் கூடு கட்டின. வால் குறைந்த சேவல்கள் தம் எல்லையைக் காப்பதில் சளைக்கவில்லை. பேடைகளே அவற்றைப் பெரிதும் நாடவில்லை.

வாலஸ் இதனைக் காண இருக்கவில்லை, 1913-இல் மறைந்தார். ஆனால் பேடைக்குத் தேரும் நுண்ணறிவை மறுத்த அவரே, 1890-இல் மனிதரைப் பற்றி வேறுவிதமாய் எழுதியிருந்தார்: சோற்றுக்காக மணக்கும் நிலை பெண்களுக்கு ஒழியுமானால், தகாத ஆடவரை அவர்கள் மறுப்பார்கள், அம்மறுப்பினாலேயே மனிதகுலம் மேன்மையுறும் என்று.