மருமகளின் வட்ஸ்அப்புக்கு ஓர் உரை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் அக்காவின் மகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்துவிட்டு வீட்டோடு இருக்கிறாள். போன கிழமை ஒரு செய்தி அனுப்பினாள். நாலைந்து வரிதான். ஆனால் ஒவ்வொரு வரிக்குள்ளும் இன்னொரு கேள்வி கிடக்கிறது. பழைய உரைகாரர் செய்ததுபோல் பிரித்து வைத்துத்தான் பதில் யோசிக்க வேண்டியிருந்தது.

"மாமா, நியமனம் எப்ப வருமெண்டு தெரியேல்ல, சும்மா இருக்கிறன்."

இந்த நாட்டில் தாதிய நியமனம் தொகுதி தொகுதியாகத்தான் வரும். 2025 மே மாதம் அலரி மாளிகையில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்தது எப்போது என்பதைத் திறைசேரியின் நிலைமையும் தீர்மானிக்கும். 2022 நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போக ஒரு சுற்றறிக்கை வந்தது. போய்த் திரும்பினாலும் சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடாது. அந்த வசதி நிரந்தர வேலையில் இருந்தவருக்கு. வெளியே காத்திருப்பவளுக்கு விடுமுறை எடுக்க வேலையே இல்லையே!

"கவுன்சில் பதிவுக்குப் போட்டிருக்கிறன்."

போகிற போக்கில் எழுதியிருக்கிறாள். செய்தியிலேயே கனமான வரி இதுதான். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது இலங்கைத் தாதியர் பேரவை. லண்டனோ ரொறன்ரோவோ டுபாயோ, எங்கே விண்ணப்பித்தாலும் அங்குள்ள அதிகாரசபை, "உன் நாட்டில் நீ பதிவுபெற்ற தாதியா?" என்றுதான் முதலில் கேட்கும். நன்னிலைச் சான்றிதழைப் பேரவையிடமே கேட்டு எடுப்பார்கள். தனியார் நிலையங்களில் காசு கட்டிப் படித்த பல பிள்ளைகள் விழுந்தது இந்த இடத்தில்தான். கையில் சான்றிதழ் இருக்கும், பதிவு இருக்காது. இவளுக்கு அந்தத் தடை இல்லை. பட்டம் அரச பல்கலைக்கழகத்துப் பட்டம்.

"லண்டனுக்கு ஐஈஎல்டிஎஸ் எடுக்கட்டோ, டுபாய்க்கு டேட்டாஃப்ளோ போடட்டோ?"

லண்டன் வழி இப்படி: ஐஈஎல்டிஎஸ் அக்கடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேச்சுக்கு 7, எழுத்துக்கு 6.5. பிறகு கணினிப் பரீட்சை. அதை இங்கிருந்தபடியே எழுதலாம். கடைசியாக ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. அதற்குப் பிரித்தானியாவுக்குப் போயே ஆகவேண்டும், கட்டணம் 794 பவுண். வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரி கட்டினால் நல்லது, கட்டாவிட்டால் அக்காவின் காப்புத்தான்.

கணினிப் பரீட்சை அவளுக்குப் பயமில்லை. தைப்பொங்கலுக்குப் போனபோது விறாந்தையில் இருந்து பழைய வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். ஆயிரம் மில்லிலீற்றர் சேலைன், எட்டு மணித்தியாலம், மில்லிலீற்றருக்கு இருபது துளி. நான் கல்குலேட்டரைத் தேட முதலே "நிமிசத்துக்கு நாப்பத்திரண்டு" என்றாள். அவளுக்கு இடறுவது ஆங்கில எழுத்து. 6 வருகிறது, 6.5 வரமாட்டேன் என்கிறது.

டுபாய் வழியில் மொழிக்குப் பெரிய கெடுபிடி இல்லை. கெடுபிடி கடதாசிக்கு. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமும், பதிவைப் பேரவையிடமும், அனுபவக் கடிதத்தை ஆஸ்பத்திரியிடமும் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யும். பிறகு புரோமெட்ரிக் பரீட்சை. அனுபவக் கடிதம் இல்லாமல் இப்போதே அங்கே காசைக் கட்டுவதில் அர்த்தமில்லை.

"எல்லாரும் ரெண்டு வருச எக்ஸ்பீரியன்ஸ் கேக்கினம்."

எல்லாரும் இல்லை. பிரித்தானியப் பதிவுச் சபை பட்டத்துக்குப் பிந்திய அனுபவம் கேட்பதில்லை, வேலை தருகிற ஆஸ்பத்திரிகள்தான் கேட்கும். வெளிநாட்டுத் தாதியரை எடுப்பது அங்கே கடந்த ஓரிரு வருடமாக நன்றாகக் குறைந்துவிட்டது. கூட்டம் கூடிய இடத்தில் அனுபவமில்லாதவளின் விண்ணப்பம் அடியில்தான் கிடக்கும்.

அவள் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். இன்றைக்கு எழுதிப் பாஸ் பண்ணி, பிறகு வாட்டில் இரண்டு வருடம் நின்றால், அனுபவம் முடிகிற நேரம் பெறுபேறு காலாவதியாகிவிடும். ஆகவே லண்டனா டுபாயா என்று இப்போது முடிவெடுக்கத் தேவையே இல்லை. இரண்டுக்கும் முதல் ஒரு வாட் வேண்டும். பரீட்சை அதன் இரண்டாம் வருடத்தில்.

"ஏஜென்சிக்காரர் முதல்ல கெயார்கிவராப் போகட்டாம்."

இந்த வரிக்கு எனக்குக் கோபம் வந்தது. இஸ்ரேலில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு நம் ஆட்கள் போகிறார்கள். சம்பளம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு முதியவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்த வருடங்களைத் தாதி அனுபவம் என்று எந்தப் பதிவுச் சபையும் எண்ணாது. பட்டம் பழசாகும், கைப்பழக்கம் போகும். பிரித்தானியாவில் பராமரிப்பு வேலைக்குப் போய், ஒரு வருடம் நின்று, ஆங்கிலத்துக்கு முதலாளியிடம் சான்று வாங்கித் தாதியாகப் பதிந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. 2025 யூலையோடு வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரை எடுக்கும் விசாவையே நிறுத்திவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் சொல்வது பழைய கதை. அவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை.

"அம்மா கொழும்புக்கே விடமாட்டா."

ஊரில் ஒரு சின்னக் கிளினிக்கில் நிற்கலாம். ஆனால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் பெரிய வாட் அனுபவத்தையே தேடும். அது கிடைக்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் அநேகமாகக் கொழும்பில். அக்காவின் நினைப்பு, அரச நியமனம் வந்தால் மகள் வீட்டிலிருந்து நடந்தே பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவாள் என்பது. கிண்ணியாவோ மூதூரோ கிடைத்தால் பரவாயில்லை, 2009இல் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. மொனராகலையோ பொலன்னறுவையோ என்று கடிதம் வந்தால்? அரச சேவையில் இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சியும் வேண்டும், இவளுடைய சிங்களம் பஸ்ஸுக்குள் போதும், வாட்டுக்குள் போதாது. கொழும்பு அதையும் பழக்கிவிடும். நியமனக் கடிதம் வந்தால் விட்டுவிட்டு வரலாம்.

இரவு ரெயினில் ஏறினால் விடியக் கோட்டைதானே என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், ஹொஸ்டலில் எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள் என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.