கிளப் ஹவுஸ் ரோட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகை

பஸ்ஸில் வரும் தினமணிக் கட்டைத் திருவண்ணாமலையில் அவிழ்த்து, வேங்கிக்கால் வரை சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டவன் நான். கலெக்டர் ஆபீஸ் எங்கள் பக்கம் வராத காலம். ஏஜென்சிக் கணக்கு விஷயமாகச் சென்னை போனபோதுதான் அந்தப் பத்திரிகையின் வீட்டைப் பார்த்தேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே, உயரமான தூண்களோடு ஒரு மாளிகை.

அது பத்திரிகைக்காகக் கட்டியதல்ல. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பின் மாளிகை. வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் மாலையில் கூடிய இடம். இந்தியர் உறுப்பினராக முடியாது. நம்மவர்கள் உள்ளே போனது தட்டு ஏந்துவதற்குத்தான்.

தினமணியின் சகோதர ஆங்கிலப் பத்திரிகையான இந்தியன் எக்ஸ்பிரஸின் ஆபீஸ் 1940-ல் தீக்கிரையானது. அப்போதுதான் கஸ்தூரி பில்டிங்ஸுக்கு மாறியிருந்த ஹிந்து, காலி செய்த பழைய இடத்தில் அதற்கு இடம் கிடைத்தது. பிறகு, நாடு விடுதலை பெற்ற சமயத்தில், இரண்டுக்கும் அதிபரான ராம்நாத் கோயங்கா கிளப் வளாகத்தையே வாங்கினார்.

கூடவே தினமணியும் அங்கே வந்தது. 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில் பிறந்த பத்திரிகை. டி.எஸ். சொக்கலிங்கத்துக்குப் பின் ஏ.என். சிவராமன் 1987 வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆசிரியர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர் அவர். அப்படிப்பட்டவர் அந்த மாளிகைக்கு ஆசிரியராகப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. 'கணக்கன்' என்ற பெயரில் அவர் எழுதிய கனமான கட்டுரைகளை மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, நாலு பேர் சுற்றி நின்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று தூண் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் நேரத்திலும் சுண்ணாம்புப் பூச்சு குளுகுளுவென்று இருந்தது. அடுத்த தூணில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கேரியரில் டிபன் டப்பா. விடுதலை என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது அந்த சைக்கிள்.

மாளிகையை இடித்துவிட்டார்கள். 2010-ல் அந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது. கடைகள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முகப்பையாவது நிறுத்தி வைத்திருக்கலாம். கோபுரத்தில் செடி முளைத்தாலே கூடிப் பேசுகிற ஊர்க்காரன் நான். என்னால் இதை விட முடியவில்லை. பக்கத்துத் தெருவுக்கு இன்றும் கிளப் ஹவுஸ் ரோடு என்றுதான் பெயர். அந்தத் தெருமுனையில் சிவராமன் பெயர் பொறித்து, தமிழில், ஒரு கல் நட வேண்டும்.