கடல் கடந்தோர் பெயர்கள்

பெயர் ஒருவரைப் பிறரினின்று பிரித்தறிவதற்கு மட்டும் அமைந்ததன்று. இன்னார் வழியினர், இன்ன மொழியினர் என்பதையும் அது உணர்த்தும். எல்லாச் சொல்லும் பொருளுடையன என்பது தொல்காப்பியர் கொள்கை. அஃது மக்கட்பெயர்க்கும் பொருந்துமாறு காண்போம்.

அமெரிக்காவிற்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்க்கு ஆண்டைகள் தம் விருப்பம்போல் பெயரிட்டனர். எனினும் பழம்பெயர்கள் அடியோடு அழிந்தில. மேலை ஆப்பிரிக்க அக்கான் மக்கள் பிறந்த கிழமையால் பெயரிடுவர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகவு கோஃபி எனப்படும். அப்பெயருடைய ஒருவரின் மகனே கப்பல் வணிகர் பால் கஃபி (1759–1817). தந்தையின் பெயரையே அவர் குடிப்பெயராகக் கொண்டார். மொழியறிஞர் லோரன்சோ டர்னர் 1949இல் வெளியிட்ட நூலில், தென்கிழக்குக் கரையோரக் குல்லா மக்களிடையே வழங்கிய ஆப்பிரிக்கப் பெயர்களை ஆயிரக்கணக்கில் தொகுத்துள்ளார்.

கற்பனையும் அவர்கட்குப் பெயர் தந்தது. 1838இல் அடிமைத்தளையினின்று தப்பிய பிரடரிக் பெய்லி, ஸ்காட் என்னும் புலவரின் காவிய மாந்தன் ஒருவன் பெயரை ஏற்று டக்ளஸ் ஆனார். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ (1976) மறு ஆண்டு தொலைக்காட்சியில் வந்தபின், அதில் வரும் கிஸ்ஸி என்னும் பெயரைப் பெற்றோர் பலர் தம் பெண்மக்களுக்குச் சூட்டினர்.

கடல் கடந்த தமிழர் நிலை யாது? 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோரின் பெயர்கள் ஆங்கில ஏட்டில் திரிந்தன. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. திரிந்தாலும் அவை குடிப்பெயராக நிலைத்து, தமிழ் மறந்த பேரனையும் தமிழன் எனக் காட்டி நிற்கின்றன.

மலேசியாவில் நமக்குக் குடிப்பெயர் இல்லை. ‘அ/லெ’, ‘அ/பெ’ என்னும் மலாய்க் குறிகளால் தந்தை பெயரே தொடர்கிறது. எம் கம்போங் ராஜாத் தேயிலைக் குன்றுகளில் பாட்டன் முனியாண்டி. அவர் மகன் பெயரோடு முனியாண்டி நிற்கும். பேரன் பெயரிலோ மறைந்துவிடும். ஆதலின் நம் மொழியைச் சுமப்பது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய் இடும் பெயரே. இரு தலைமுறை தவறின், அடையாள அட்டையில் தமிழ் இராது.

ஆப்பிரிக்கரின் பெயரை ஆண்டை பறித்தான். நம் பெயரை நம் நாணமே பறிக்கிறது. முனியாண்டி, கறுப்பாயி, வீரன் என்பன ‘தோட்டத்துப் பெயர்’ என எள்ளப்படுகின்றன. அவை கங்காணி இட்டவை அல்ல. ஊர்காக்கும் தெய்வங்களையும் முன்னோரையும் நினைந்து தாயும் தந்தையும் இட்டவை. அவற்றை விடுத்து, எண்கணிதத்திற்கு இசைந்த ஓசையைப் பெயராக்குவோர் பலர். அதன் பொருள் யாதெனில் பெற்றோரும் அறியார்.

புதுப்பெயர் வேண்டாம் என்பது என் கருத்தன்று. 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலனார் மறைமலையடிகளானார். வேதம் மறை, அசலம் மலை. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் களையச் சொன்னது. பூங்குழலி கல்வெட்டில் காணப்படாதவள். ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி படைத்த ஓடக்காரப் பெண். ஆயினும் பூவணிந்த கூந்தலாள் என்று பொருள் தருவதால் அப்பெயர் முழுத் தமிழே. பழமையன்று, பொருளே அளவுகோல் என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர்கட்கு இதில் ஒரு கடமை உண்டு. முதலாம் ஆண்டு மாணவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போதே அதன் பொருளையும் அக்குழந்தைக்குச் சொல்லுக. தன் பெயரின் பொருளறிந்த பிள்ளை அதனைச் சொல்ல நாணாது. நாளைத் தன் மகவுக்கும் பொருளுள்ள பெயரே தேடும்.