அப்புத்தளை அடிசம் மடம்: கல்லில் நிற்கும் தோட்ட வரலாறு

ஊவாவின் கட்டடச் செல்வங்கள் என்றதும் பதுளை முதியங்கணை விகாரையும் பண்டாரவளை அருகே தோவ குகைக் கோயிலும் நினைவுக்கு வரும். அவற்றோடு வைத்துப் போற்றத்தக்கது, அப்புத்தளைக்கு அப்பால் தங்கமலைக் காட்டை ஒட்டி நிற்கும் அடிசம். இன்று அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடம்.

பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரனும், கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராயிருந்தவருமான சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் இம்மாளிகையைக் கட்டினார். கென்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயரையே இதற்குச் சூட்டினார். செதுக்கிய கருங்கற் சுவர், ஒடுங்கிய சன்னல்கள், உயர்ந்த புகைபோக்கிகள் என இங்கிலாந்தின் டியூடர் காலப் பாணி இதில் தெரிகிறது. உள்ளே கதவு, படிக்கட்டு, சுவர்ப்பலகை எல்லாம் பர்மாத் தேக்கு. வில்லியர்ஸின் நூலகம் இன்றும் பேணப்படுகிறது.

1961இல் மாளிகை துறவியர் கைக்கு வந்தது. செபமும் உழைப்பும் ஆசீர்வாதப்பர் வகுத்த வாழ்க்கை நெறி. அதன்படி இவர்கள் தோட்டத்துக் கனிகளில் ஜாமும் பழரசமும் செய்து விற்கிறார்கள். ஸ்பெயினின் சிலோஸ் மடமும் இதே நெறியில் வந்ததுதான்.   சிலோஸ் மடம் துறவியருக்கென்றே எழுந்தது. அடிசமோ தோட்டத் துரைமாரின் உலகில் எழுந்து, பின்னர் வழிபாட்டுக்கு வந்தது.

அந்த உலகைத் தாங்கியது தேயிலை. தேயிலையைத் தாங்கியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர். துரைக்குப் பங்களா எழுந்த மலைகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் ஒரு குடும்பமே சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. லயத்தைப் பாராமல் பங்களாவை மட்டும் வியப்பது அரைகுறை வரலாறு.

ஆகவே அடிசத்தைக் காணச் செல்லும் ஆசிரியர்கள், மாணவர்களை அருகிலுள்ள லயங்களுக்கும் தேயிலை ஸ்டோருக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் அழைத்துச் செல்லட்டும். பழைய லயங்கள் இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழ வேண்டும். அது நம் மக்களின் உரிமை. ஆனால் இடிக்குமுன் அளந்து, படமெடுத்து, அங்கு வாழ்ந்த முதியோரின் சொற்களைப் பதிவு செய்துவிடுவோம். அந்தப் பொறுப்பு மலையகத்தின் படித்த தலைமுறையினுடையது.